குனிந்தால்தான் கதவு திறக்கும்

என் சாவுக்கு என் அண்ணன் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். நான் வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்கு வண்டியில் வர அதிக நேரம் ஆகாது. அந்த அவசரத்திலும் வழியில் பூக்கடையில் நிறுத்தி, நல்ல மாலையாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். தங்கச்சி மேல் அவ்வளவு பாசம். வண்டிக்கு ஸ்டாண்டு போட மறந்து, அது சாய்ந்ததுகூடத் தெரியாமல், மாலையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அடுத்து வந்தது கோபம். செத்துப்போனவள் கழுத்தில் டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

தெருவே கூடியிருந்தது. தலையை விரித்துப் போட்டு என் வாசற்படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்த மேரி, தூக்கிய கையை இறக்காமலே என்னைப் பார்த்தாள். யாரோ பந்தல்காரருக்குப் போன்கூடப் போட்டுவிட்டார்களாம். இவ்வளவுக்கும் நான் செய்த குற்றம், மத்தியானத்தில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைத்ததுதான்.

நடந்தது இதுதான்

எனக்குக் காது கேட்காது. இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். கல்யாணமாகிச் சில வருஷங்களில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு போகவில்லை. அதனால்தான் என் வாயைப் பற்றி ஊரில் இவ்வளவு புகார்.

அன்றைக்கு மேரி தன் ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்திருக்கிறாள். மேரி எனக்குச் சிநேகிதி. காலனியில் இருக்கிறாள், நடவு களையெடுப்பு என்று கூலிக்குப் போவாள். கதவைத் தட்டியிருக்கிறாள், கூப்பிட்டிருக்கிறாள், கல்லால் இடித்திருக்கிறாள். எப்போதும் திறந்து கிடக்கும் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. நான் மூச்சு விடவில்லை. அவள் மட்டும் இல்லை, அவள் சத்தத்துக்கு ஓடி வந்த அத்தனை பேரும் தட்டியிருக்கிறார்கள்.

காது கேட்காதவள் வீட்டுக் கதவை ஒரு தெருவே சேர்ந்து தட்டிவிட்டு, உள்ளே பதில் இல்லை, ஆகவே செத்துவிட்டாள் என்று முடிவு கட்டிய அறிவை நான் இன்றுவரை பாராட்டிக்கொண்டிருக்கிறேன். பழகிய ஊர் இல்லையா. என்னோடு பேசிப் பேசி, எனக்குக் கேட்காது என்பதையே மறந்துவிட்டார்கள்.

கடைசியில் ஒருவர் தோட்டத்து மதிலேறிக் குதித்து, சமையற்கட்டு வழியாக வந்து, மிஷினில் குனிந்திருந்த என் தோளைத் தொட்டார். நான் துள்ளிய துள்ளலில் கத்தரிக்கோல் அவர் வயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நல்லவேளை, அன்றைக்கு நிஜமாகவே ஒரு சாவு விழாமல் போனது.

அந்த மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சாவுக்கென்று வாங்கிய மாலையைச் சாமிக்குப் போடக் கூடாது, குப்பையில் போடவும் மனசு வராது. நான் அண்ணன் கையிலிருந்து வாங்கி என் தலைவாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டினேன். அது வாடி உதிரும் வரைக்கும் அங்கேயே தொங்கியது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் மாட்டினேன்.

வாய்கள்

எனக்கு மனிதர்கள் என்றால் வாய்தான். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வேன். பழக வருஷங்கள் ஆயின.

மேரிக்கு நல்ல வாய். மெதுவாக அசையும், சிரிக்கும்போதுகூட வார்த்தை சிதறாது. எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். அவரிடம் நான் இறங்கும் இடத்தைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வெற்றிலை போடுகிறவர்கள், பேசும்போது கையால் வாயை மறைக்கிற கூச்சக்காரப் பெண்கள், இவர்களோடு எனக்கு ஜென்மப் பகை.

எல்லாரையும்விட மோசம் கத்துகிறவர்கள். செவிடிக்குக் கத்தினால் கேட்கும் என்று நினைக்கிறார்கள். கத்தினால் வாய் கோணும். வாய் கோணினால் எனக்கு வார்த்தை போய்விடும், அவர்கள் கோபம் மட்டும் வந்து சேரும்.

என் அண்ணன் இரண்டு விதத்திலும் சேர்ந்தவர். கத்துவார், மேலுதட்டை முழுக்க மூடுகிற மீசையும் வைத்திருக்கிறார். அவர் சொன்னதில் பாதியை நான் ஊகம் பண்ணித்தான் இத்தனை வருஷம் தங்கச்சியாக இருந்திருக்கிறேன்.

காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். மாட்டினேன். சென்னைக்குப் போய் அளவெடுத்து வாங்கியது. மாட்டியதும் தலைக்குள் ஒரு அரிசி மில் ஓடியது, அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இப்போது பட்டன் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

கதவுக்கு வீடு கட்டியவர்

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டினவர். காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, அந்த வீட்டுத் தலைவாசல் கதவைப் பார்த்து மயங்கி, நிலையோடு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒற்றைக் கதவு, கனத்த பலகை, நடுவில் விரிந்த தாமரை செதுக்கியது. அப்போது எங்களுக்கு வீடே இல்லை, மனை மட்டும்தான். ஊரில் எல்லாரும் வீட்டுக்குக் கதவு வைப்பார்கள், இவர் கதவுக்கு வீடு வைத்தார்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருப் பக்கம் இருக்கும் கொஞ்சம் சுவரில் பாதிக்குக் கதவு, மீதிக்கு மாடிப்படி. ஜன்னல் வைக்க ஓர் இடம் கிடையாது. தெருவுக்கும் எனக்கும் நடுவில் இருந்ததெல்லாம் அந்தக் கதவு ஒன்றுதான். திறந்தால் தெரு முழுக்க உள்ளே, மூடினால் நான் செத்தவள்.

அவர் போன பிறகும் அதைத் திறந்துதான் வைத்திருந்தேன். கோழி வரும், ஆடு வரும், ஆட்களும் அப்படித்தான் வருவார்கள். காது கேட்பவர்கள் வீட்டில் வாசலில் நின்று குரல் கொடுப்பார்கள். என் வீட்டில் கொடுத்து என்ன பிரயோஜனம்? நேராக உள்ளே வந்து பின்னாலிருந்து தோளில் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் என் உயிர் ஒருமுறை வெளியே போய்விட்டு வரும். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைக்கக் கூடாதென்று இருந்தேன்.

பிறகு ஒரு நாள் நினைத்தேன். தாழ் போட்டது அதனால்தான், போட்ட முதல் நாளே ஊர் என்னைச் சாகடித்தது. நினைத்த அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அப்போது அண்ணனுக்கே சொல்லவில்லை.

அண்ணனின் தீர்ப்பு

ரோஜா மாலை சம்பவம் நடந்த சாயங்காலமே அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். மேரி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மீசை மறைத்த இடங்களை வாயசைத்து நிரப்பினாள்.

"வூட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடு சரசு. காது கேக்காதவ தனியா இருந்தா, ஒரு நாளைக்கி நெஜமாவே இப்டித்தான் ஆவும்."

அண்ணன் வீடு நல்ல வீடுதான். அண்ணியும் தங்கமானவள். ஆனால் அங்கே எனக்கு வேலை கீரை ஆய்வதும், எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரிப்பதும். நாலு நாள் போய் இருந்தாலே முகம் வலிக்கும். இங்கே நான் தையல்காரி. திருப்புலிவனத்திலிருந்தும் மானாம்பதியிலிருந்தும் துணியை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வருகிறார்கள். அங்கே போனால் நான் வெறும் செவிடி. எனக்கு என் வீடு வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வரமாட்டேன் என்றேன். அப்படியானால் கதவைத் திறந்தே வை என்றார். அதுவும் மாட்டேன் என்றேன். வாசலில் ஸ்விட்சு வைத்தால் உள்ளே பல்பு எரியும், அதையாவது வை என்று பின்னாலேயே வந்து சேர்ந்த அண்ணன் மகன் போனில் படம் காட்டினான். எங்கள் ஊர் கரண்டை நம்பி உயிரோடு இருக்கச் சொல்கிறான். இருந்தாலும் பல்பு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். வந்தது யார் என்று சொல்லாது.

"கதவுல ஜன்னல் வெக்கப்போறேன்" என்றேன்.

அண்ணன் கத்தினார். மீசை குதித்தது. மேரி எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. ஆடி மாசத்தில் தலைவாசலில் கை வைப்பார்களா, தாமரை இருக்கிற கதவை அறுப்பார்களா, மச்சான் ஆசையாகக் கொண்டுவந்த கதவாயிற்றே, ஆவணி பிறக்கட்டும், நானே வந்து நின்று யோசித்துச் செய்யலாம். இதுதான் சாரம். ஆவணி வந்தால் ஐப்பசி என்பார் என்று எனக்குத் தெரியும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

கன்னியப்ப ஆசாரி

கன்னியப்ப ஆசாரி பென்சிலைக் காதில் செருகுவதற்குப் பதிலாக வாயில் வைத்துக்கொள்கிற மனிதர். அதைப் பிடுங்கி மேஜையில் வைத்த பிறகுதான் பேச்சை ஆரம்பித்தேன்.

கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வைக்கலாம், ஆனால் தாமரைக்கு மேலே, நிற்கிற ஆள் முகத்துக்கு நேராக வைக்கலாம் என்றார். எல்லா ஊரிலும் அப்படித்தானாம்.

சுவரைப் பார்த்து இருந்த மிஷினைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, நான் ஸ்டூலில் உட்கார்ந்து காட்டினேன். என் பொழுது முழுக்க அங்கேதான் போகிறது. அங்கிருந்து நிமிர்ந்தால் என் கண் போய் நிற்கிற இடம் அந்தத் தாமரை இருக்கிற உயரம். மேலே வைத்தால் யார் வந்தாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்க வேண்டும். எழுந்து போக வேண்டுமென்று எனக்கு யார் சொல்வது? உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிய வேண்டும்.

"தலவாசக் கதவும்மா இது. தாமர மேல ரம்பம் வெக்கச் சொல்றியே" என்றார் ஆசாரி. "வர்றவங்க மொகம் காட்டணும்னா குனியணுமே. பெரிய மனுசங்கல்லாம் வருவாங்க."

"குனியட்டும்" என்றேன்.

அடுத்த தடை வந்தது. தலைவாசலில் உளி படுவதற்கு முன்னால் வீட்டு ஆம்பளை வெற்றிலை பாக்கு கொடுக்க வேண்டும், சுமங்கலி மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். என் வீட்டில் இரண்டும் இல்லை. ஆசாரி அதை வாயால் சொல்லவில்லை, கருவிப் பையைத் திறக்காமல் நின்றார். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வந்திருந்த மேரிக்கு விஷயம் புரிந்தது.

"சொமங்கலிதான வேணும், நான் கீறேன். எம் புருசன் உயிரோடத்தான் கீறான். குடிச்சிட்டு வூட்ல தூங்கிகினு கீறான், வேணும்னா போய்ப் பாரு" என்றாள்.

மாதா கோயிலுக்குப் போகிற மேரி தட்டைப் பிடித்துக்கொண்டாள். வெற்றிலை பாக்கை நான் கொடுத்தேன். குங்குமத்தையும் நான்தான் வைத்தேன். அவர் போன நாளிலிருந்து நான் அந்தக் கதவுக்குப் பொட்டு வைத்ததில்லை, வைக்க விட்டதும் இல்லை. விரலை நன்றாக அழுத்தித் தாமரை நடுவில் வைத்தேன். ஆசாரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்து முடித்ததும் பையைத் திறந்தார்.

ரம்பம் பாதியில்

நாலு மூலையிலும் துளை போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிதானமாக அறுத்தார். பின்பக்கம் பலகைகளைப் பிடித்திருந்த குறுக்குச் சட்டமும் அறுபடும் என்பதால், அறுக்கும் முன்பே மேலும் கீழும் புதுச் சட்டம் கொடுத்து இறுக்கியிருந்தார். உள்ளங்கையைக் கதவில் வைத்தேன். ரம்பம் ஓடுவது கையில் தெரிந்தது. அந்தக் கதவு என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டு பக்கம் அறுத்து முடித்தபோது ரம்பம் நின்றது. நிமிர்ந்தால் அண்ணன். யார் போய்ச் சொன்னார்களோ. ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியது வாசலில் கூடியவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

நான் ஸ்டூலைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். என் குரல் சத்தமாக வருகிறதா மெதுவாக வருகிறதா என்பது எனக்கே தெரியாது. அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டதாம். கேட்கட்டும்.

"அண்ணே, கதவு தொறந்து கெடந்தப்ப ஒருத்தன் உள்ள வந்து எம் பின்னால நின்னுகினு இருந்தான். பீரோ கண்ணாடில பாத்துதான் தெரிஞ்சிகினேன். எவ்ளோ நேரம் நின்னான்னு எனக்குத் தெரியாது."

தைக்கக் கொடுக்க வந்தேன் என்று சொன்னான் அவன். கையில் துணி இல்லை. நான் கத்தரிக்கோலை எடுத்ததும் போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு பல நாள் தைக்க முடியாமல், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் பொறுத்துச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணன் ஆசாரியின் கையை விட்டார். யார் என்று கேட்டார். மீசைக்கு அடியில் இருந்தும் அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சொன்னா நீ வெட்டப் போவ. அவன வெட்டினா இன்னொருத்தன் வருவான். எனக்கு அவன் வேணாம். என் வூட்டுக்குள்ள யாரு வரணும்னு நான் பாத்துத் தொறக்கணும். அதுக்கு எனக்கு ஜன்னல் வேணும்."

அவர் பாதி அறுபட்ட கதவைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் அப்படிப் போனது எனக்கு வலிக்கத்தான் செய்தது. இருந்தாலும் ஆசாரியைப் பார்த்து, அறுங்கள் என்று கை காட்டினேன்.

தாமரை ஒரே பலகையாகக் கழன்று வந்தது. அதை என்ன செய்வதென்று ஆசாரிக்குத் திகைப்பு. சுற்றிலும் சட்டம் கட்டி, கீல் போட்டு, உள்பக்கத்தில் ஜன்னலுக்குக் கதவாக மாட்டச் சொன்னேன். கண்ணாடி, அதற்கு முன்னால் கம்பி, உள்ளே தாமரை. பொழுது போனால் தாமரையைச் சாத்திக் கொக்கி போட்டுவிடுவேன். தாமரையில் இருந்த லட்சுமி எங்கேயும் போகவில்லை. இத்தனை வருஷம் வெளியே நின்று காவல் காத்தவள், இப்போது உள்ளே வந்து என் பக்கம் பார்க்கிறாள்.

குனிகிற ஊர்

ஊர் பழகச் சில வாரம் ஆனது. முதலில் கதவை இடித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்கள். எனக்கு வேஷ்டியும் புடவைக் கொசுவமும் மட்டும் தெரியும். நான் எழுந்திருக்க மாட்டேன். பிறகு ஒவ்வொருவராகக் குனிய ஆரம்பித்தார்கள். மேரி குனிந்து பல்லைக் காட்டுவாள். துணி கொண்டுவருகிறவர்கள் அதைக் கண்ணாடியில் விரித்துப் பிடிப்பார்கள்.

செவிடி வீட்டில் நான் எதற்குத் தலை குனிய வேண்டும் என்று ஒரு பெரிய மனிதர் திரும்பிப் போய்விட்டார். ஆவணிக் கல்யாணங்களுக்கு ஜாக்கெட் தைக்கிற சீசன். மறுநாள் அவர் மனைவி வந்து தனக்கும் அவருக்கும் சேர்த்துக் குனிந்தாள்.

இப்போது என்னைப் பின்னாலிருந்து தொடுகிறவர்கள் யாரும் இல்லை. ஒரு நாள் முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் தைத்தேன். அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதை, காது கேட்கிற உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் மட்டும் வரவில்லை. அண்ணி போனில் படத்தோடு பேசுவாள், அவர் பின்னால் பேப்பர் படிப்பது தெரியும்.

ஆவணியில் ஒரு மத்தியானம், ஒரு பச்சைப் பட்டு ஜாக்கெட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் கரை வேஷ்டி, கையில் ஒரு பை. அந்த நிற்கிற தோரணை எனக்குத் தெரியும். கதவை இடிக்கிறார் என்பது முழங்கை அசைவதில் தெரிந்தது. பழக்கம் விடுமா. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கொஞ்ச நேரம் வேஷ்டி மட்டும் நின்றது. பிறகு ஒரு கை முழங்கால் மேல் வந்தது. என் அண்ணன் மெதுவாகக் குனிந்தார். இடுப்பு வலிக்காரர், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குனிந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் முழுசாக வந்து நின்றது. வாயைத் திறந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு நிறுத்தினார். பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலால் மீசையை மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை.

"உள்ள வரலாமா சரசு?"

பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

இருங்கள் என்று கை காட்டிவிட்டு, அந்த ஓரத்தை அடித்து முடித்து, நூலை வெட்டிய பிறகுதான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.